மடத்துக்கு அரிசி வந்த வழி: சிங்கப்பூர்க் கன்னியர் சபைகளைத் தேடி

திங்கள் – விக்டோரியா ஸ்திரீட்

சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கி, ராஃபிள்ஸ் சிட்டி பக்கமாக வெளியே வந்து நார்த் பிரிட்ஜ் ரோட்டைத் தாண்டினால், முன்பு கன்னியர் மடமாக இருந்த சைம்ஸ் வளாகம். இன்று அங்கே உணவகங்களும் மதுக்கூடங்களும் திருமண மண்டபமும்தான். படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களே அதிகம். இந்த வாரப் பதிவுகளில் நாங்கள் கேட்கப்போவது வேறு கேள்வி: இங்கே வாழ்ந்த கன்னியர்களுக்கும் அவர்களை நம்பியிருந்த குழந்தைகளுக்கும் சோறு எங்கிருந்து வந்தது? ஒரு துறவறச் சபை எப்படிப் பிறந்தது, ஏன் வளர்ந்தது, எங்கே இடறியது என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

முதலில் கால்ட்வெல் இல்லம். விக்டோரியா ஸ்திரீட் பக்கத்தில், முகப்பு அரைவட்டமாகத் துருத்தி நிற்கும் வெள்ளைக் கட்டடம். ஜார்ஜ் கோல்மன் வடிவமைத்து 1841 வாக்கில் முடிந்த குடியிருப்பு வீடு இது. வளாகத்தில் மிகப் பழையதும் இதுதான். பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் பாதிரியார் ழான்-மரி பெரல் 1852இல் இதை வாங்கினார். எதிரே உள்ள நல்லாயன் பேராலயமும், பிராஸ் பாசா ரோட்டின் அந்தப் பக்கம் அருங்காட்சியகமாக மாறிவிட்ட பழைய செயின்ட் ஜோசப் பள்ளியும் அவருடைய முயற்சியில் வந்தவையே. மூன்றையும் ஒரே சந்தியில் நின்று பார்த்துவிடலாம். ஆண்பிள்ளைகளுக்குப் பள்ளி வந்தாயிற்று, பெண்பிள்ளைகளுக்கு நடத்த ஆள் வேண்டும் என்று அவர் பிரான்சுக்கு எழுதியதன் பலன்தான் இந்த மடம்.

வந்தவர்கள் குழந்தை இயேசு சபைச் சகோதரிகள். இந்தக் கீழ்த்திசைப் பணிக்கு முதலில் அனுப்பப்பட்ட குழுவின் தலைவி கடலிலேயே இறந்துபோனார். அவருக்குப் பதிலாகப் புறப்பட்ட மதர் மத்தில்ட் ராக்லோ 1852 அக்டோபரில் பினாங்கு சேர்ந்தார். 1854 பிப்ரவரியில் மூன்று சகோதரிகளோடு சிங்கப்பூர் வந்தபோது அவருக்கு வயது ஏறக்குறைய 40. வந்த சில நாள்களிலேயே வகுப்பைத் தொடங்கிவிட்டார்கள்.

கணக்கு இப்படித்தான் போயிற்று. கட்டணம் கட்டும் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு, கட்ட முடியாதவர்களுக்கு இன்னொன்று. அவற்றோடு விடுதியும் அநாதை இல்லமும். விடுதிப் பிள்ளைகளின் கட்டணத்தில் அநாதைகளுக்கு அரிசி வாங்கினார்கள். போதாத பங்கைத் தையலும் பூவேலையும் விற்று ஈடுகட்டினார்கள். கால்ட்வெல் இல்லத்தின் மாடியில் உள்ள அந்த அரைவட்ட அறையில்தான் சகோதரிகள் தைப்பதும் படிப்பதும் எழுதுவதுமாக இருந்தார்கள். வெளிச்சம் மூன்று பக்கமிருந்தும் வருகிறது. ஊசி வேலைக்கு அதைவிட நல்ல அறை அந்த வீட்டில் கிடையாது. கீழே நின்று சன்னல்களை அண்ணாந்து பார்த்தாலே விளங்கும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறும் உண்டு. கட்டணத்தை நம்பியிருக்கும்போது, கட்டணம் கட்டும் குடும்பங்களின் விருப்பத்துக்கும் வளைந்துகொடுக்க வேண்டியிருக்கும். பணம் கட்டிய பிள்ளைக்கு வகுப்பும் தங்குமிடமும் வேறு, அநாதைப் பிள்ளைக்கு வேறு. அந்தக் காலத்துப் பள்ளிகள் எல்லாமே அப்படித்தான் என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது. ஏழைப் பிள்ளைகளுக்காகவே தொடங்கிய சபை இது.

தொடக்கம் பிரான்சின் ரூவான் நகரை அடுத்த சோத்வில்லில், 1662இல். மினிம் சபைத் துறவி நிக்கோலா பாரே தெருவில் திரிந்த பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கச் சில இளம்பெண்களைச் சேர்த்தார். 1666இல் அவர்கள் ஒரே வீட்டில் சமூகமாக வாழத் தொடங்கினார்கள். ஆனால் வார்த்தைப்பாடு, அதாவது துறவற உறுதிமொழி, கொடுக்கவில்லை. காரணம், 1566இல் போப்பாண்டவர் ஐந்தாம் பத்திநாதர் பிறப்பித்த ஆணை. வார்த்தைப்பாடு கொடுத்த பெண்துறவியர் மதிலுக்குள்ளேயே அடைபட்டு வாழ வேண்டும் என்பது விதி. மதிலுக்குள் இருந்துகொண்டு தெருப் பிள்ளைக்கு எழுத்தறிவிக்க முடியாதே. எனவே திருச்சபைச் சட்டத்தின் பார்வையில் அவர்கள் ‘துறவிகள்’ ஆகாமலேயே துறவு வாழ்க்கை வாழ்ந்தார்கள். பள்ளி நடத்திய, நோயாளிகளைப் பார்த்த எத்தனையோ பெண்கள் சபைகள் இப்படி இரண்டுங்கெட்ட நிலையில் இருந்தன. போப்பாண்டவர் 13ஆம் சிங்கராயர் 1900இல் வெளியிட்ட சட்டத்துக்குப் பிறகுதான் எளிய வார்த்தைப்பாடு கொண்ட சபைகள் முழுத் துறவறச் சபைகளாக ஏற்கப்பட்டன.

பாரே இன்னொன்றிலும் பிடிவாதமாக இருந்தார். பள்ளிகளுக்கு நிலையான மானியம், வட்டிக்கு விட்ட முதல், குத்தகை வருமானம் எதுவும் கூடாது என்றார். அன்றன்றைக்கு இறைவன் தருவதில் நடக்கட்டும் என்பது அவர் கொள்கை. 1999இல் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கிடைத்தது. அவருடைய பெண்மக்கள் சிங்கப்பூரின் நடுவில் இத்தனை பெரிய வளாகத்துக்கு உரிமையாளர்கள் ஆனார்கள் என்பதை இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். அநாதை இல்லம் ஒன்றை அன்றன்றைய காணிக்கையில் நடத்துவது கடினம். குழந்தைகள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும்.

அது ஏறிய வாசலை இன்றும் பார்க்கலாம். விக்டோரியா ஸ்திரீட் மதிலில் ‘நம்பிக்கை வாசல்’ என்று பலகை வைத்த சின்னக் கதவு. பச்சிளங்குழந்தைகளைக் கூடையிலோ துணியிலோ சுற்றி இங்கே விட்டுப் போவார்கள். பெரும்பாலும் பெண்குழந்தைகள். வறுமை ஒரு காரணம், புலி ஆண்டில் பிறந்த பெண் ஆகாது என்ற சீனர் நம்பிக்கை இன்னொன்று. கதவு ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுதான். கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

சிற்றாலயம் 1904இல் முடிந்தது. வடிவமைத்தவர் பாதிரியார் ஷார்ல் பெனடிக்ட் நேன். வண்ணக் கண்ணாடிகள் பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் செய்யப்பட்டவை. தூண்களின் தலைப்பகுதியைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள்: 648 தூண் தலைப்புகள், வெப்பமண்டல இலைகளும் கொடிகளும் பறவைகளுமாகச் சுதையில் செய்தவை. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. கோதிக் கோயிலில் ஐரோப்பிய இலைகளை எதிர்பார்க்கும் கண்ணுக்கு இந்த ஊர்ச் செடிகள் தென்படும். உள்ளே நிகழ்ச்சி நடக்கும் நாள்களில் விடமாட்டார்கள்; வார நாள் காலைதான் நல்லது. வெளித் தாழ்வாரத் தூண்களை எப்போதும் பார்க்கலாம்.

செவ்வாய் – மிடில் ரோடு, ஓஃபிர் ரோடு

மிடில் ரோடு 111ஆம் எண்ணில் தேசிய வடிவமைப்பு மையம் இருக்கிறது. பூகிஸ் எம்ஆர்டியிலிருந்து சில நிமிட நடை. இதுவும் ஒரு கன்னியர் மடமே: கனோசா சகோதரிகளின் புனித அந்தோணியார் மடம். நேற்றுப் பார்த்த மடத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். ஒரு சின்ன ஊரில், இவ்வளவு அருகில், இரண்டு கத்தோலிக்க மடங்கள் எதற்கு?

விடை விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள புனித சூசையப்பர் கோயிலில். சிங்கப்பூரில் அப்போது இரண்டு கத்தோலிக்க ஆட்சிகள். பிரெஞ்சுப் பாதிரியார்கள் பேராலயத்தைச் சுற்றி. போர்த்துகீசிய மிஷன் சூசையப்பர் கோயிலைச் சுற்றி, மக்காவ் ஆயரின் (பிஷப்) கீழ். இந்த இரட்டை ஆட்சி 1981 வரை நீடித்தது. ஒரு சபை தானாக ஓர் ஊரில் போய்க் குடியேற முடியாது. அங்குள்ள ஆயரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். பிரெஞ்சுத் தரப்பு அழைத்துக் குழந்தை இயேசு சபை வந்தது. போர்த்துகீசியத் தரப்பு அழைத்து 1894இல் மக்காவிலிருந்து கனோசா சபை வந்தது.

இந்தச் சபை வளர்ந்த விதம் வாழை கன்று விடுவதைப் போன்றது. இத்தாலியில், வெரோனாவின் சான் செனோ பகுதியில் 1808 மே 8, வெனிஸ் 1812, மிலான் 1816, பெர்கமோ 1820, திரெந்தோ 1828. நிறுவிய மக்தலேனா 1835இல் இறந்த பிறகு, 1860இல் ஹாங்காங்குக்கு ஆறு சகோதரிகள். அங்கிருந்து 1874இல் மக்காவ், அங்கிருந்து சிங்கப்பூர். ஒரு வீடு தன் காலில் நிற்கத் தொடங்கியதும் அதிலிருந்து சிலரைப் பிரித்து அடுத்த ஊருக்கு அனுப்புவார்கள். இதில் ஆபத்து, தாய்வீடு தேறுவதற்குள் ஆளை எடுத்துவிடுவது. இரண்டு வீடும் சேர்ந்து தள்ளாடும்.

மக்தலேனா மார்க்விஸ் பட்டம் கொண்ட பிரபுக் குடும்பத்துப் பெண். பாரேயைப் போல் மானியத்தை மறுக்க வேண்டிய நிலையில் அவர் இல்லை. சொந்தச் சொத்தே இருந்தது. நெப்போலியன் ஆட்சி மூடிவிட்ட பழைய மடம் ஒன்றைக் கேட்டுப் பெற்று, சேரிப் பெண்பிள்ளைகளோடு அங்கே குடிபுகுந்தார். குடும்பத்தார் எதிர்த்தார்கள். ஏழைகளுக்குப் பணம் கொடுக்கலாம், அவர்களோடு வாழ்வதா என்பதுதான் அவர்கள் கேள்வி. நிறுவியவர் செல்வந்தராக இருந்தால் முதல் பத்தாண்டுகள் சுலபம். அவருக்குப் பின் வரும் வீடுகளுக்கு அந்தச் சொத்து இருக்காது. சிங்கப்பூருக்கு வந்தவர்கள் பள்ளிக் கட்டணத்தையும் காணிக்கையையும் நம்பித்தான் வந்தார்கள்.

மாலையில் ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயில். தேக்காவிலிருந்து நடை தூரம். 1888இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காகவே எழுந்த கோயில் இது. தமிழ்த் திருப்பலி இன்றும் உண்டு. இந்த இடத்தில் தமிழ் மண்ணிலேயே பிறந்த ஓர் உலகளாவிய சபையைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை.

பிரான்சின் நாந்த் நகரத்து எலேன் தெ ஷப்போத்தன், துறவறப் பெயர் மரி தெ லா பசியோன். மரி ரெபராத்ரீஸ் சபையில் சேர்ந்து 1865இல் மதுரை மிஷனுக்கு வந்தார். உள்நாட்டுப் பெண்துறவியரைப் பயிற்றுவிப்பது அங்கே அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பணிகளில் ஒன்று. இரண்டே ஆண்டில், 28 வயதில், அந்தப் பகுதியிலுள்ள சபை மடங்களுக்கெல்லாம் தலைவி. அதற்குள் மடங்களுக்கிடையே பிளவு முற்றியது. 1876இல் அவரோடு சேர்த்து 20 சகோதரிகள் சபையை விட்டு விலகி, 1874இல் ஊட்டியில் தொடங்கியிருந்த வீட்டில் கூடினார்கள். சபையை விட்டு வந்த பெண்கள் என்ன ஆவார்கள்? புதிய சபையாக ஏற்கப்படாவிட்டால் வெறும் பொதுநிலையினர், அதாவது துறவறத்தில் இல்லாத சாதாரண கத்தோலிக்கர். பிழைப்பும் இல்லை, பெயரும் இல்லை. உடனே உரோமைக்குப் போனார். 1877 ஜனவரி 6 அன்று ஒன்பதாம் பத்திநாதர் ‘மரியாயின் மறைபரப்புச் சகோதரிகள்’ சபையைத் தொடங்க அனுமதி கொடுத்தார். 1882இல் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் இணைந்தது. பிளவிலிருந்து பிறந்த சபைகளில் பெரும்பாலானவை மங்கிப்போகும். இது நிலைத்ததற்கு எங்கள் கணிப்பில் காரணம், சட்ட அங்கீகாரத்தை அவர் ஒரு நாளும் தள்ளிப்போடாததுதான்.

புதன் – சலிம் ரோடு

மேட்டர் அல்லது அல்ஜுனிட் எம்ஆர்டி. கனோசா சகோதரிகளின் பள்ளிகளும் சிறுவர் சேவை மையமும் பாலர் பள்ளியும் ஒரே பகுதியில். செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்காகச் சபை 1950களில் தொடங்கிய பள்ளியும் இங்கேதான். பக்கத்திலேயே வழக்கமான தொடக்கப் பள்ளி. செவித்திறன் குறைந்த பிள்ளைகள் அங்கேயும் சேர்ந்து படிக்க வழியிருப்பது இந்த அமைப்பின் பலம்.

முன்னறிவிப்பின்றிப் போகாதீர்கள். பள்ளி நேரத்தில் காவலர் கூடத்தில் அடையாள அட்டை காட்ட வேண்டும். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று சொல்ல முடியாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். அது சரியான கெடுபிடியே. வெளியே நின்று வளாகத்தின் அமைப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

வியாழன் – தாம்சன் ரோடு

மேரிமவுண்ட் எம்ஆர்டி. இந்தப் பெயரே நல்லாயன் சகோதரிகளின் மேரிமவுண்ட் மடத்திலிருந்து வந்தது: முதலில் மடம், அதன் பேரில் சாலை, சாலையின் பேரில் நிலையம்.

மவுண்ட் அல்வெர்னியா மருத்துவமனை 1961 மார்ச்சில் 60 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. நிறுவியவர்கள் இறைத்தாய்மையின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள். இங்கிலாந்தில் தொடங்கிய சபை. 1949இல் சிங்கப்பூர் வந்தவர்கள் மருத்துவமனை கட்டும் எண்ணத்தோடு வரவில்லை. காசநோய் ஊரைத் தின்றுகொண்டிருந்த நேரம்; டான் டோக் செங் மருத்துவமனையின் காசநோய் வார்டுகளில் தாதியராகச் சேர்ந்தார்கள்.

வரவு வந்த வழியைக் கவனியுங்கள். அவர்கள் அரசு மருத்துவமனையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவருக்குச் சம்பளம் சொந்தமல்ல. சபையின் பொதுக் கணக்குக்குப் போகும். சாப்பாட்டுக்கும் உடைக்கும் போக மிஞ்சியது ஆண்டுக்கணக்கில் சேர்ந்தது. அதோடு பொதுமக்கள் நன்கொடையும் சேர்ந்து மருத்துவமனை ஆயிற்று. தனி ஒரு தாதி எவ்வளவு சேமித்தாலும் இது நடக்காது. பொதுக் கணக்கு என்ற ஒன்று இருந்ததால் நடந்தது. பிறகு 1969இல் அசிசி இல்லம். இன்று அது அந்திமகாலப் பராமரிப்புக்குப் பெயர்பெற்ற அசிசி ஹோஸ்பிஸ், மருத்துவமனைக்கு அருகிலேயே. கட்டணம் வாங்கும் மருத்துவமனையும் நன்கொடையில் நடக்கும் இல்லமும் அக்கம்பக்கத்தில் நிற்பது, விக்டோரியா ஸ்திரீட் ஏற்பாட்டை நூறாண்டு கழித்து மீண்டும் பார்ப்பதுதான்.

அங்கிருந்து அப்பர் தாம்சன் ரோட்டில் செயின்ட் தெரேசா முதியோர் இல்லம். 1935இல் ஏழைகளின் சிறிய சகோதரிகள் தொடங்கியது. எந்தச் சபையின் வரலாற்றைப் படித்தாலும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய வரலாறு இவர்களுடையது.

1839 குளிர்காலத்தில் பிரான்சின் பிரெத்தான் கரையோரம் செயின்ட்-செர்வானில், ழான் ழூகான் என்ற வேலைக்காரப் பெண் பார்வையற்ற ஒரு மூதாட்டியைத் தன் கட்டிலில் படுக்கவைத்துத் தான் பரணில் படுத்துக்கொண்டார். அதுதான் தொடக்கம். முதியோர் பெருகினார்கள். கூடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்டார்; அதற்கு முன் அந்த முதியோர்தாம் பிச்சைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1843 டிசம்பரில் தோழியர் அவரை மீண்டும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். சில நாள்களில் ஆன்மகுருவான பாதிரியார் லெ பையர் அந்தத் தேர்தலைச் செல்லாது என்று அறிவித்து, தன் சொல் கேட்கும் இளம் சகோதரி ஒருவரைத் தலைவியாக்கினார். தானே நிறுவியவர் என்றும் சொல்லிக்கொண்டார். 1852இல் ழான் தாய்மடத்துக்கு அழைக்கப்பட்டார். 1879இல் இறக்கும்வரை 27 ஆண்டுகள் எந்தப் பொறுப்பும் இல்லாமல் இருந்தார். சபையில் அப்போது 2400 சகோதரிகள். இளம் துறவிகளில் பலருக்கு இவர்தான் நிறுவியவர் என்பதே தெரியாது. 1890இல் உரோமை விசாரித்து லெ பையரை விலக்கியது. 2009இல் ழானுக்குப் புனிதர் பட்டம்.

ஏன் இப்படி நடக்க முடிந்தது? எழுதிய ஒழுங்குமுறை உறுதிப்படும் முன்னரே பாதிரியார் ஒருவர் கையில் முழு அதிகாரமும் சேர்ந்துவிட்டது. தேர்தல் முடிவை மாற்ற யாருக்கு உரிமை, யாரிடம் முறையிடலாம் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எந்தப் புதிய சபையானாலும் முதல் நாளிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டியவை இவை.

அந்த 27 ஆண்டுகளில் ஒரே ஒருமுறை அவருடைய கருத்தைக் கேட்டார்கள். 1865இல், நிலையான வருமானம் தரும் சொத்தை ஏற்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது. வேண்டாம் என்றார். சபை அதை ஏற்றது. இன்றுவரை கேட்டுப் பெறுவதுதான் அவர்கள் வழி. ஆனால் அதற்கு ஆள் வேண்டும். நாள்தோறும் இருவர் வெளியே போக வேண்டும். வீட்டில் முதியோரைத் தூக்கி உட்காரவைக்கவும் சகோதரிகள் இருக்க வேண்டும். புதியவர்கள் சேராத ஊரில் இந்த முறை முதலில் தளரும். 2003இல் சகோதரிகள் இல்லத்தைக் கத்தோலிக்க சமூகநலச் சேவை அமைப்பிடம் ஒப்படைத்துச் சிங்கப்பூரை விட்டுப் போனார்கள். இல்லம் அதே பெயரில் நடக்கிறது.

வெள்ளி – தோ பாயோ

1983 நவம்பரில் விக்டோரியா ஸ்திரீட் சிற்றாலயத்தில் கடைசித் திருப்பலி. நிலம் அரசின் கைக்கு மாறியது. பள்ளி தோ பாயோ லோரோங் 1க்கு வந்தது. பிரேடல் எம்ஆர்டியில் இறங்கலாம். காத்தோங், செயின்ட் நிக்கலஸ், செயின்ட் தெரேசா, கெல்லொக் என்று மொத்தம் 11 சிஐஜே (குழந்தை இயேசு மடம்) பள்ளிகள் இன்று உள்ளன. வகுப்பெடுப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பொதுநிலையினர். சபை பின்னால் நின்று நெறியைக் காக்கிறது.

ஒரு பெண் இன்று சகோதரியாவதற்கான படிகளைப் பலர் கேட்பதால் எழுதுகிறோம். முதலில் சபையோடு பழகும் காலம். பிறகு முன்பயிற்சி, அதன் நீளம் சபைக்குச் சபை மாறும். 17 வயது நிரம்பாத பெண்ணை நவதுறவகத்தில் (வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய பயிற்சிக் காலம்) சேர்க்க முடியாது. நவதுறவகம் குறைந்தது 12 மாதம், அதற்கென்று குறித்த வீட்டிலேயே. அந்த 12 மாதத்தில் விட்டுவிட்டோ தொடர்ந்தோ மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நவதுறவகமே செல்லாது, மீண்டும் தொடங்க வேண்டும். 15 நாளுக்கு மேல் போனால் அந்த நாள்களை ஈடுசெய்ய வேண்டும். வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போய் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறவர்கள் இங்கேதான் சிக்குவார்கள்.

அடுத்து முதல் வார்த்தைப்பாடு: கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல். இது தற்காலிகமானது; மூன்று முதல் ஆறு ஆண்டு, நீட்டித்தாலும் ஒன்பதைத் தாண்டக் கூடாது. முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் தன் சொத்தின் நிர்வாகத்தை வேறொருவரிடம் விட வேண்டும். வாழ்நாள் முழுவதற்குமான நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் நாட்டுச் சட்டப்படி செல்லும் உயில் எழுத வேண்டும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

புதிதாகச் சபையே தொடங்க நினைப்பவருக்குப் பாதை இன்னும் நீளம். முதலில் பொதுநிலையினர் கழகமாகச் சில ஆண்டுகள் வாழ்ந்து காட்ட வேண்டும். பிறகு ஆயர் மறைமாவட்டச் சபையாக நிறுவுவார். முன்பு அதற்குத் திருப்பீடத்தை (வத்திக்கான்) கலந்தாலோசித்தால் போதும். 2020 நவம்பர் முதல் திருப்பீடத்தின் எழுத்துபூர்வ அனுமதியே வேண்டும். ஆள் சேராமலும் பணமில்லாமலும் நாலைந்து பேரோடு நின்றுபோன சபைகள் ஆங்காங்கே மிகுந்துவிட்டதால் வந்த கட்டுப்பாடு இது. கடுமையாகத் தெரியலாம். ழான் ழூகானுக்கு இப்படி ஒரு மேற்பார்வை 1843இலேயே இருந்திருந்தால் என்று எண்ணிப் பார்த்தால் குறை சொல்லத் தோன்றாது.

வீட்டை மூடுவதற்கும் முறை உண்டு. சபைத் தலைவி ஆயரைக் கலந்துகொண்டு முடிவெடுப்பார். வீட்டின் சொத்து சபை ஒழுங்குப்படி போகும், ஆனால் கொடுத்தவர் என்ன நோக்கத்துக்குக் கொடுத்தாரோ அந்த நோக்கம் மீறப்படக் கூடாது. முதியோருக்கென்று கொடுத்த பணத்தைப் பள்ளிக்குத் திருப்ப முடியாது. ஆகவே சபைகளுக்கு நன்கொடை கொடுப்பவர்கள் எந்தப் பணிக்கு என்பதை ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள். ‘பொதுச் செலவுக்கு’ என்று எழுதினாலும் நல்லதே. சகோதரிகளின் வீட்டு அரிசிக்கும் மின்கட்டணத்துக்கும் அந்தப் பணத்தைத்தான் எடுக்க முடியும்.